லாயிட் பிரதருக்கு வந்த கல்

அடுத்தவர் படும் பாட்டுக்கு அர்த்தம் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். ஜோகுபாளையத்தில் அவர் லாயிட் பிரதர்.

யாரோ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கக்கத்தில் பைபிளும் கையில் சாத்துக்குடிப் பையுமாகக் கிளம்பி, வாசல் காவலாளியிடம் கன்னடத்தில் வாதாடி உள்ளே நுழைந்து, நோயாளி வாயைத் திறப்பதற்குள் கர்த்தர் ஏன் இதை அனுமதித்தார் என்று விளக்கி முடித்திருப்பார். வேலை போனவருக்கு அது பொறுமைப் பயிற்சி. டெங்கு வந்தவருக்குத் தாழ்மை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட எரிக்கிடம், "ஓடிக்கிட்டே இருந்தீங்க, கர்த்தர் உட்கார வெச்சிருக்கார்" என்றார். உட்காரச் சொல்ல வேறு வழியே கிடைக்கவில்லையா? எரிக் கேட்க நினைத்து, மாவுக்கட்டைப் பார்த்தபடி சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தான்.

பிறகு லாயிட் பிரதருக்கே கிட்னியில் கல் வந்தது.

கடுகளவுதான் என்றார் டாக்டர். அந்தக் கடுகு அவரை ஹாலில் தவழவிட்டது. "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று மனைவி ஆஞ்சலா நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள். ஊசி போடச் சொல்லு என்றார்.

செய்தி பரவியது. அவரிடம் ஆறுதல் வாங்கியவர்களெல்லாம் நன்றி மறக்காமல் வந்தார்கள். இருதயம் கடினப்பட்டால் அந்தக் கடினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கல்லாகும் என்றார் டெங்குக்காரர். வேலை போனவர், பாவத்தை அறிக்கையிட்டால் கல் தானாக உருண்டுவிடும் என்று, கர்த்தரின் கல்லறை வாசலில் கல் புரண்டதை உதாரணம் காட்டினார். அடுத்த வீட்டு ஜகதாம்பாள் வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தாள். அர்த்தம் எதுவும் கொண்டுவராததால் ஆஞ்சலா அவளுக்கு மட்டும் காப்பி கொடுத்தாள்.

கடைசியாக எரிக், ஊன்றுகோலோடு படியேறி வந்தான். லாயிட் கண்ணை மூடிக்கொண்டார். பழைய பாக்கியை அவன் தீர்க்காமல் போவானா?

"ரொம்ப வலிக்குதா பிரதர்?"

"வலிக்குது. ஏன்னுதான் தெரியல."

"எனக்கும் தெரியல" என்று சொல்லி எரிக் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆண்டவரே, இவருக்கு வலிக்குது. பக்கத்துலயே இரும். ஆமென்."

ஜெபம் அவ்வளவுதான். ஆமென் சொன்ன பிறகும் அவன் கையை விடவில்லை. வலி குறையவில்லை, ஆனால் அந்த வலிக்குள் தன்னோடு ஒருவர் இருக்கிறார் என்று லாயிட்டுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் விளக்கியும் அவருக்கு அது தோன்றியதில்லை. அழுதுவிட்டார்.

கல் இறங்கியது. மனிதர் திருந்தினாரா? திருந்தினார். இப்போதெல்லாம் நோயாளியிடம் அர்த்தம் சொல்வதே இல்லை. ஏன் சொல்லக் கூடாது என்பதை மட்டும் முக்கால் மணி நேரம் விளக்குகிறார்.

சிரிக்கிறீர்கள். இதை இன்னாருக்கு அனுப்பினால் நன்றாக உறைக்கும் என்று இதற்குள் ஒரு முகம் உங்கள் மனதில் வந்திருக்குமே? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் போனை ஒருதரம் பாருங்கள். அவர் இதை உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கப் போகிறார்.