கோழிக்கூண்டில் சிரிப்புக் கேமரா

இதன் முதல் பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆத்தாயி அக்கா தெருமுனையில் என்னை நிறுத்திச் சொல்லித்தான் தெரியும். "உம்பட கேமராவ உம்பட பொண்டாட்டி கோழிக்கூண்டுல கட்டிட்டா சாமி. ஏணிய நாந்தான் புடிச்சேன்."

அங்கேயே தீர்மானித்தேன். இன்று சௌந்தர்யாவிடம் கோபப்பட்டே தீருவது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கோபத்தைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பிழை திருத்தித்தான் வெளியே விடுவேன். வீட்டு வாசல் வரை திருத்தினேன்.

அது சாதாரணக் கேமரா அல்ல. முந்தின நாள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கலீல் ரஹ்மான் பாயின் பழைய சாமான் கடையில் வாங்கியது. பொத்தான் கிடையாது. சட்டையில் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் யாராவது சிரிக்கும்போது தானே படம் எடுக்கும். அப்படித்தான் விளம்பரம். உண்மையில் இருமினாலும் எடுத்தது. குக்கர் விசிலடித்தாலும் எடுத்தது. படங்கள் நேரே கம்பெனிக்குப் போய், அங்கிருந்து நம் போனுக்கு வர வேண்டும். கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது அது எடுக்கும். எடுத்ததை உலகத்தில் யாராலும் பார்க்க முடியாது. இவ்வளவு அழகாகத் தோற்றுப்போன பொருளை நான் கண்டதே இல்லை. என் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைக்க வாங்கினேன்.

ஆனால் சௌந்தர்யா ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தாள். உபயோகமில்லாத சாமான் இனி ஒன்று வந்தாலும், அலமாரியோடு எல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போகும். அதனால் வாங்கி வந்த அன்று அவள் கேட்டபோது மிகக் கவனமாகப் பதில் சொன்னேன்.

"இது என்னங்க?"

"கேமரா."

"எதுக்குங்க?"

"சத்தம் கேட்டாத் தானே படம் எடுக்கும்."

"கோழி கத்துனா?"

"எடுக்கும்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. கீரி வருகிறது, கோழிக்கு ஆபத்து என்று அவள் ஒரு வாரமாகப் புலம்பியதைத்தான் மறந்துவிட்டேன்.

இப்போது கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்ததும் கத்தினேன். "சௌந்தர்யா! அது அலமாரியில வைக்கற பொருள்!"

"அலமாரியில கோழி இல்லைங்களே."

"அதும்மேல எச்சம் போட்டிருக்குது!"

"தொடச்சுக்கலாமுங்க. உபயோகமான சாமான்னா அழுக்காகத்தான் செய்யும். இல்ல, உபயோகமில்லாததுங்களா?"

அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பாமலே டைப்ரைட்டர் முதல் பழைய ரேடியோ வரை எல்லாம் தெரிந்தன.

"உபயோகமானதுதான்," என்றேன். அது பொய். கோபம் அப்படியே இருந்தது, போக இடமில்லை.

மறுநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்தது. "கேமராவுல என்னங்க உழுந்துச்சு?"

"பாத்துச் சொல்றேன்."

எதைப் பார்க்க? கூண்டைத்தான். பற்களைக் கடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனேன். ஒரு மூலையில் கம்பிவலை பிய்ந்திருந்தது. வந்து சொன்னேன்.

"அட, கேமரா நல்லா வேலை செய்யுதுங்களே! அப்படியே அந்த ஓட்டைய அடைச்சுட்டு வந்துருங்க."

அடைத்தேன். அடுத்த நாள் தண்ணீர்த் தட்டு காய்ந்திருந்தது 'கேமராவில்' தெரிந்தது. அப்புறம் முட்டை தெரிந்தது. அப்புறம் கூட்ட வேண்டிய குப்பை தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் தட்டிக்கழித்துவந்த கோழி வேலை மொத்தமும் ஒரு வாரத்தில் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் ஆத்தாயி அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏஞ்சாமி, கூண்டுக்குள்ள கேமரா இருக்குதா, நீ இருக்கறயா?"

அந்தச் சிரிப்பையும் கேமரா எடுத்திருக்கும். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேரே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். இந்த முறை கோபத்தைத் திருத்தவில்லை. அப்படியே கொட்டினேன்.

"ஏன் பாய், ஒரு மூலையில போட வேண்டியத, கடை வாசல்ல, என் கண்ணுல படற மாதிரியா வைப்பீங்க? உங்களால நான் கோழிச் சாணி அள்ளறேன்!"

பாய் நிதானமாக டீயைக் குடித்தார். "நான் எங்க தம்பி வெச்சேன்? உள்ள பெட்டியில கெடந்துச்சு. நீங்க வாங்கறதுக்கு முந்தின நாள் சௌந்தர்யா தங்கச்சி வந்து, 'ஓடாத கேமரா ஏதாச்சும் இருக்குதுங்களா'ன்னு தேடி எடுத்து, அவங்களே வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க."

நான் நம்பவில்லை. கடையின் சிசிடிவியைப் போட்டுக் காட்டச் சொன்னேன்.

உண்மைதான். வைத்துவிட்டு, தெருவில் இறங்கி, என் உயரத்துக்கு எம்பி நின்று, கண்ணில் படுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.