லோடு அண்ணனும் பயந்தாங்கொள்ளி யானையும்

ஒரு நாலு வரிப் பாட்டு, அதை எழுதியவரை விட்டுவிட்டு வேன் டிரைவரின் தூக்கத்தைக் கெடுத்த அதிசயம் உலகத்திலேயே போடிநாயக்கனூரில்தான் நடந்திருக்கும். அந்த டிரைவரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் லோடு அண்ணன். குரங்கணி மலையிலிருந்து ஜீப்பில் ஏலக்காய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், எங்கள் பள்ளிக்கூட வேனுக்கு வந்த பிறகும் பேச்சை மாற்றவில்லை. காலையில் கேட்டில் நின்று, "மிஸ், லோடு வந்துருச்சு, வெரசா இறக்கிக்கங்க" என்பார். இறங்குவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

நான் அங்கே தமிழ் டீச்சர். ஆண்டு விழாவுக்கு நானே ஒரு பாட்டு எழுதியிருந்தேன்.

குண்டு யானை வந்ததாம்
குளத்தங் கரையில் நின்றதாம்
தண்ணிக்குள்ளே தன்னைக் கண்டு
தாவி ஓட்டம் பிடித்ததாம்!

பிள்ளைகள் வேனில் பாடிப் பாடி வாய் ஓயவில்லை. மறுநாளே லோடு அண்ணன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், இந்தப் பாட்ட எழுதுன ஆளு யானையப் பாத்திருக்காரா?"

"நான்தாண்ணே எழுதினேன்."

"அப்பச் சரி. பாத்ததில்ல."

அவருக்குச் சொந்த ஊர் தேவாரம். அவர் மச்சினனின் வாழைத் தோட்டத்தை யானை புகுந்து துவைத்துப் போட்டிருந்தது. "பயந்த யானை அம்புட்டு வாழையையும் திங்குமா மிஸ்?"

பொறுமையாக விளக்கினேன். "அண்ணே, இது வேடிக்கைப் பாட்டு. அவ்வளவு பெரிய யானை தன்னையே பார்த்துப் பயப்படுது. அதுதான் சிரிப்பு."

"எந்த வரியில சிரிக்கணும்?"

"நாலாவது வரியில."

அடுத்த நாள் காலை வந்தார். "நாலாவது வரியில சிரிச்சேன் மிஸ். ஏன்னுதான் தெரியல."

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி. அது கொம்பனா, பொட்டையா? ஒத்தையா வந்துச்சா, கூட்டத்தோடயா? ஒத்தையா வந்த யானை பயப்படாதே! டிபன் டப்பாவைத் திறந்தால் ஜன்னலில் அவர் தலை தெரியும். எனக்குப் பசியே போய்விடும்.

ஒத்திகையில்தான் குண்டு வெடித்தது. நடந்து வரும் பிள்ளைகள் "தாவி ஓட்டம் பிடித்ததாம்" என்றார்கள். வேனில் வரும் பிள்ளைகள் அதைவிடச் சத்தமாக, "தோட்டம் பூரா மிதிச்சதாம்" என்றார்கள். ஹெச்.எம். என்னைப் பார்த்தார். "ஒரே பாட்டா இருந்தா மேடை ஏறட்டும். இல்லேன்னா வேண்டாம்."

சாயங்காலம் நேராக வேனில் போய் ஏறினேன். தேவாரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே சண்டையை ஆரம்பித்தேன். "உங்களுக்கு என்னதாண்ணே வேணும்?"

"எனக்கென்ன வேணும்? நாளைக்கு ஒரு புள்ள நெசமாவே யானையப் பாக்குது. இதுதான் பயந்தாங்கொள்ளியாச்சேன்னு கிட்டப் போயிருச்சுன்னா?"

"யானையைப் பார்த்து யாருண்ணே கிட்டப் போவாங்க?"

"நம்ம லோடு போகும் மிஸ்."

பதில் சொல்வதற்குள் வண்டி நின்றது. ரோட்டுக்கு நடுவில், அந்தப் பக்கத்து மக்காச்சோளக் காட்டைப் பார்த்தபடி நிஜமாகவே ஒரு யானை. லோடு அண்ணன் இன்ஜினை அணைத்தார். கிசுகிசுத்தார். "யாரும் மூச்சு விடக்கூடாது. இருமக்கூடாது. தும்மக்கூடாது."

பிள்ளைகள் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான் தும்மினார்.

சாதாரணத் தும்மல் இல்லை. வேன் கண்ணாடி அதிர்ந்தது. யானை துள்ளித் திரும்பியது, வாலைத் தூக்கியது, வந்த வழியே மலைப்பக்கம் ஓட்டம் பிடித்தது.

ஜன்னலோரம் இருந்த வாண்டு ஒன்று மெதுவாகச் சொன்னது: "தாவி ஓட்டம் பிடித்ததாம்."

"அது ஒண்ணும் பயந்து ஓடல" என்றார் லோடு அண்ணன் விறைப்பாக. "அதுக்கு ஏதோ சோலி இருந்திருக்கும்."

வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்கியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அம்புட்டுப் பெரிய உடம்பு மிஸ்! என் தும்மலுக்கு!"

"இதைத்தாண்ணே நான் இத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன்!"

"நீங்க எங்க சொன்னீக? நாலாவது வரியில சிரின்னுதான சொன்னீக."

ஆனாலும் அவர் கவலை தீரவில்லை. அவர் சொன்ன இரண்டு வரியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் வேன் பிள்ளைகள் என் வரிக்கு இறங்கி வந்தார்கள். "எட்ட நின்னு பார்த்தோமாம், கிட்டப் போக வேண்டாமாம்!" ஆண்டு விழாவில் கைத்தட்டல் வாங்கியது அந்த இரண்டு வரிதான். என் வரிகள் யாருக்கும் கேட்கவில்லை. காரணம், கடைசி வரிசையில் நின்ற லோடு அண்ணன் முதல் வரியில் யானை வந்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மேடை ஓரத்திலிருந்து சைகை காட்டியும், அவருடைய இரண்டு வரி வரும்வரை நிறுத்தவில்லை.

கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்துவிட்டேன். போன மாதம் என் மகளுக்குப் பள்ளிக்கூட வேன் பார்க்கப் போனேன். டிரைவர் ரொம்ப அமைதி, பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.