ஒன்பது நிமிஷம் ஓடிய என் வலது கை

மோன்ரூஸ்,
1992 மார்ச் 12, வியாழன்.

மாந்த் நகரில் தேனீப் பெட்டிகளோடும் இடது முட்டிவலியோடும் வாழ்ந்துவரும் மதிப்புக்குரிய மச்சான் அன்செல்ம் அவர்களுக்கு, உங்கள் தங்கை எல்வீரைக் கட்டிய அர்மான் கசால்பு, வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் ஆறு கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், அக்கா ஒர்த்தான்ஸும், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக வந்து இறங்கிய தங்கள் தங்கையும் நலமா என்று அறிய ஆவல். அவள் வந்து சேர்ந்தாள் என்று ஒரு வரி எழுதிப் போடத் தங்களுக்குத் தோன்றவில்லை. அவள் எழுதவேண்டாம் என்று சொல்லியிருப்பாள். போகட்டும், அதைக் குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

அவள் தரப்பைத் தாங்கள் நான்கு நாளாகக் கேட்டிருப்பீர்கள். என் தரப்பையும் கேளுங்கள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிம்மதியாக யாரும் வாங்காத படங்களை வரைந்துகொண்டிருந்த என்னைத் தேடிக்கொண்டு பாரிஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்ததும், ஒரு கிழட்டு ஓவியனும் அவன் எதிரே உட்காரும் ஒரு பெண்ணும் என்று நான்கு மணி நேரப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னதும், ஓவியனாக நடிக்கும் பெரிய நடிகருக்குப் பென்சில் சீவக்கூடத் தெரியாது என்பதால் அவர் முகமும் என் வலது கையுமாகச் சேர்த்து ஒரு ஓவியனை உண்டாக்கலாம் என்று கேட்டதும் தங்களுக்குத் தெரியும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது மேஜையில் எல்லாருக்கும் என் கையைக் காட்டினேன். நீங்கள்கூட "உடம்புல மிச்சத்தை எல்லாம் வேண்டாம்னுட்டாங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரித்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஆறு வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கொட்டகையையே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள், விளக்குகளை நட்டார்கள், நடிகருடைய கையில் முடி கிடையாது என்று ஒரு பெண் வந்து என் கையைச் சிரைத்தாள், பிறகு அவருக்கு இருக்கும் மச்சங்களை எனக்கு வரைந்தாள், ஆக வாழ்நாளெல்லாம் வரைந்த கையின் மேல் இன்னொருத்தி வரைந்தாள். கதையில் வரும் ஓவியனுக்குக் கல்யாணம் ஆகவில்லையாம், மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், கல்யாணத்தன்று போட்டது, சோப்பு போட்டும் வரவில்லை, வெண்ணெய் போட்டும் வரவில்லை, கடைசியில் எல்வீர்தான் நூலைச் சுற்றி இழுத்துக் கழற்றிக் கொடுத்தாள். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். அவள் கையாலேயே கழற்றினாள். அதற்குமேல் என் கையை இன்ஷூர் செய்துவிட்டார்கள், படப்பிடிப்பு முடியும்வரை கோடாரி தொடக்கூடாது, சிப்பி திறக்கக்கூடாது, கதவைக்கூட இடது கையால்தான் சாத்தவேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். அந்த வருஷம் குளிர்காலத்து விறகை முழுக்க உங்கள் தங்கைதான் பிளந்தாள், காலையில் பள்ளிக்கூடச் சமையலறை வேலை, சாயங்காலம் கோடாரி. கசாப்புக்கடை பார்த்தெல்மி வேலி மேல் சாய்ந்துகொண்டு, "என்ன அர்மான், கை பத்திரமா? ராத்திரி பேங்க்ல வச்சுட்டுப் படுக்குறியா?" என்று கேட்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்போது அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, அதை நன்றாகக் கவனிக்கவும்.

வேலை என்னவென்றால், நடிகர் நாற்காலியில் உட்காருவார், நான் அவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அவருடைய அங்கியின் வலது கைக்குள் என் கையை நுழைத்துக்கொண்டு, அவருடைய அக்குள் வழியாக எதிரே இருக்கிற பெண்ணைப் பார்த்து வரையவேண்டும். அவர் மதியம் பூண்டு சாப்பிடுகிறவர். அந்தப் பெண் சோலேன், இருபத்து நாலு வயசு, நல்ல பெண், குளிரில் நடுங்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள், இடைவேளையில் எனக்கு மட்டும் காப்பி கொண்டுவந்து தருவாள், ஏனென்றால் மற்றவர்கள் எல்லாம் காப்பியை முகத்துக்குத்தான் கொடுத்தார்கள், கைக்குக் கொடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் சிலர் நினைப்பதுபோல அவள்மேல் எனக்கு ஒன்றும் கிடையாது, எல்வீரும் அப்படி நினைக்கவில்லை. நினைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்கு நான் பதில் சொல்லிவிடுவேன்.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன். கதைப்படி அந்த ஓவியன் பத்து வருஷம் வரையாமல் கிடந்தவன், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் தன் பழைய படம் ஒன்றின் மேல் வெள்ளை பூசி அழித்துவிட்டு அதிலேயே புதிதாக ஆரம்பிக்கிறான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, கையில் காசில்லாத ஓவியன் எல்லாரும் செய்வதுதான், நானே எல்வீரை வைத்து வரைந்த எத்தனையோ படங்களை அப்படிப் பூசி அதன்மேல் வேறு வரைந்திருக்கிறேன், சுரண்டுவதற்கு அவளே கத்தி பிடித்து உதவியிருக்கிறாள். ஒரே ஒரு படத்தை மட்டும் "இதை விட்டுடு அர்மான், இது ஒண்ணு இருக்கட்டும்" என்று கேட்டிருந்தாள். மஞ்சள் கழுத்துத்துணி கட்டி, மடியில் கையை வைத்துக்கொண்டு, அடுப்போரம் உட்கார்ந்திருக்கிற படம். கல்யாணமாகி நாலாவது வருஷக் குளிர்காலம், பதிமூன்று நாள் காய்ச்சலோடு உட்கார்ந்தாள். இடது காது இன்னும் முடியவில்லை, முடிந்ததும் கூடத்தில் மாட்டுகிறேன் என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். முப்பது வருஷமாக அந்தக் காது முடியவில்லை.

அன்றைக்குக் கொட்டகையில் அவசரம், இருட்டு, எல்லாரும் கத்துகிறார்கள், பழைய கான்வாஸ் எங்கே, பழைய கான்வாஸ் எங்கே என்று. கைக்கு எட்டியதை எடுத்து வைத்தேன். எனக்கு என்ன தெரியும்? பாதிக்குமேல் பூசிய பிறகுதான் பார்த்தேன், கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, நான் யார், ஒரு கை, கை எப்படி "நிறுத்துங்கப்பா" என்று சொல்லும்? அந்த நேரம் பார்த்து சோலேன், அவளுக்கு எழுதிக் கொடுக்காத வசனத்தை, தானாக வாயைத் திறந்து, "இது யாரு?" என்று கேட்டாள். நடிகர் முழித்தார். நான் பின்னாலிருந்து "யாருமில்ல" என்று சொன்னேன். என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? அத்தனை பேர் நடுவில், ஒருத்தர் அக்குளுக்குள்ளிருந்து, குடும்ப விவகாரமா பேசமுடியும்? டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், என் குரலை எடுத்துவிட்டு அந்த ஒரு வார்த்தையை நடிகரையே பேசவைத்துச் சேர்த்துக்கொண்டார். எல்வீரிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். அவள் அந்தக் கான்வாஸைத் திருப்பிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. எப்படியும் அந்தக் காட்சி இரண்டு விநாடிதான் வரும் என்று நினைத்தேன்.

மச்சான், அது சாதாரண சினிமாவாக இருந்திருந்தால் இரண்டு விநாடிதான் வந்திருக்கும்! இது கலைப்படம். அந்த மனுஷன் எதையும் வெட்டமாட்டாராம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் டவுன் ஹாலில் திரையைக் கட்டி, மேயர் பேசி, என்னையும் எல்வீரையும் முதல் வரிசையில் உட்காரவைத்து, ஊரே வந்திருந்தது. அவள் நீலக் கோட்டு போட்டிருந்தாள், என் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் பென்சில் கீறுகிற சத்தம். மருந்துக்கடைக்காரர் குறட்டை விட்டார். பார்த்தெல்மி சத்தமாக, "இன்னும் எத்தன கோடு பாக்கிப்பா?" என்றான். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. என் கை, திரை முழுக்க, வீடு அளவுக்கு. ஒன்பது நிமிஷம். முதலில் மடியில் இருந்த கைகளைப் பூசியது, அப்புறம் மஞ்சள் துணி, அப்புறம் தலைமுடி. பக்கத்தில் எல்வீர் முதுகை நிமிர்த்தினாள். முகம் மட்டும் பாக்கி இருக்கும்போது சோலேன் "இது யாரு?" என்று கேட்டாள், அந்தப் பெரிய நடிகரின் அருமையான குரல், பிரான்ஸ் முழுக்கப் புகழ்கிற குரல், "யாருமில்ல" என்றது. பிரஷ் முகத்தைப் பூசியது. எல்வீர் என் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து, என் மடியில் வைத்தாள்.

இடைவேளையில் மேயர் ஒயின் கோப்பையைத் தூக்கி "நம்ம ஊர்க் கைக்கு!" என்றார். அவளும் குடித்தாள். மூன்று ஆலிவ் தின்றாள். கொட்டைகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து, "கை உன்னுதுதானே, பிடி" என்றாள். பிறகு எழுந்து போவாள் என்று பார்த்தால், இரண்டாம் பாதி முழுக்க, இரண்டு மணி நேரம், அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குத்தான் அசையாமல் உட்காரத் தெரியுமே. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஹாலில் பதினொரு பேர் இருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்குக் கீழே, வேன் ஓட்டியவருக்கு மேலே, என் பெயர் வந்தது. அவள் ஒருத்திதான் கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து நான் எல்லாம் எடுத்துச் சொன்னேன். "தெரியாம எடுத்துட்டேன் எல்வீர், பாதி பூசினப்புறந்தான் பாத்தேன்" என்றேன். "அப்படியா? கை, துணி, முடி எல்லாத்தையும் பூசி, முகத்தைச் சுத்தி சுத்திப் போய், அதைக் கடைசிவரைக்கும் விட்டு வச்சியே, அதுவும் தெரியாமத்தானா?" என்றாள். "அது வெறும் படம், நீதான் இங்க இருக்கியே" என்றேன். "நான் இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டாள். "முப்பது வருஷமா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். சரி, முகமாவது இருந்துச்சு. விறகு பிளந்து, உன் கையைப் பொத்திப் பொத்தி வச்சு, அந்த முகத்தை அழிக்கத்தான் அனுப்பியிருக்கேன்." பாரிஸ் பத்திரிகையில் அந்த ஒன்பது நிமிஷத்தைப் பற்றித்தான் அரைப் பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு உணர்ச்சியோடு கையை அசைக்க எங்கே கற்றீர்கள் என்று நடிகரைக் கேட்டதற்கு, "வலியிலிருந்து" என்றாராம். வலியாம்! எனக்குத்தான் இன்றைக்கும் இடுப்பு நிமிரவில்லை. அந்தக் கான்வாஸையும் படக் கம்பெனிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள், யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறதாம், அதில் சோலேனுக்குக் கீழே எல்வீர் இருக்கிறாள், கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

ஆகவே மச்சான், பெரியவர் என்ற முறையில் தாங்கள் அவளுக்குப் புத்தி சொல்லிச் சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோழிகள் என்னை மதிப்பதில்லை. அவள் பிளந்த விறகு இன்னும் பாதி இருக்கிறது, ஒவ்வொரு கட்டையாக எண்ணி எண்ணித்தான் அடுப்பில் போடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன், ஏனென்றால் தெரியாமல் செய்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. வேண்டுமானால் அந்தப் படத்தைத் திரும்ப வரைந்து தருகிறேன் என்று சொல்லுங்கள், இந்தத் தடவை காதையும் சேர்த்து.

அக்கா ஒர்த்தான்ஸுக்கு என் அன்பு. உங்கள் முட்டிக்கு வெயிலும், தேனீக்களுக்குப் பூவும், எல்வீருக்கு நல்ல புத்தியும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

தங்கள் தங்கையின் கணவன்,
அர்மான்.

பி.கு.: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய மூன்று கான்வாஸ்களை அந்தக் காட்சிக்காக ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவசரமும் இல்லை, இருட்டும் இல்லை, ஊர் விளக்கெல்லாம் என் கொட்டகையில்தான் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின நாள் டைரக்டர் சுவரோரம் சாத்தியிருந்ததையெல்லாம் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து, எல்வீரின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம், "இது யாரு வரைஞ்சது வாத்தியாரே?" என்று கேட்டார். மூன்று வாரமாக என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், அது இந்தக் கை வரைந்தது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தெரிந்தவர் ஒருவர், செத்துப்போய்விட்டார் என்று சொன்னேன். மறுநாள் காலையில் நானே போய் அதை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். முகத்தைக் கடைசிவரை விட்டுவைத்தது, அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான். இடது காது, வரைய ஆரம்பித்த முதல் வருஷமே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வரைந்த எதையும் அதன் பக்கத்தில் மாட்டமுடியாது என்பதால்தான் சுவரைப் பார்த்து வைத்தேன், அவளையும் சேர்த்து. திரும்ப வரைந்து தருகிறேன் என்று மேலே எழுதியது பொய், எனக்கு இப்போது அது வராது.

மேலே உள்ள பக்கங்களை அடுப்பில் போட்டுவிடுங்கள். இதை மட்டும் அவளிடம் படித்துக் காட்டுங்கள். சனிக்கிழமை பஸ் என்று சொல்லவேண்டாம். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள்.