அம்பயர் அண்ணையின் ஓவர்

கனடாவில் பேஸ்போல் என்ற விளையாட்டே சட்டவிரோதம் என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் அம்பயர் அண்ணைதான். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு நடுவராக நின்றவர். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே ஞாபகம் இருக்குமோ தெரியாது.

முழங்கையை மடக்கி எறியக் கூடாது, ஆறு பந்து போட்டதும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். அண்ணையின் உலகம் இந்த இரண்டு சட்டத்தில்தான் சுற்றுகிறது. என் மகள் அபியோ பேஸ்போல் அணியில் பந்து எறிகிறவள். அங்கே முழங்கையை மடக்கித்தான் எறிய வேண்டும், ஓவர் என்ற பேச்சே கிடையாது. கேட்க வேண்டுமா?

முதல் ஆட்டத்திலேயே அண்ணை இருக்கையில் ஏறி நின்று கையை நீட்டினார். "நோ போல்! பிள்ளை எறியிறாள்!"

"அண்ணை, இதில எறியத்தான் வேணும்."

"அப்ப இது கள்ள விளையாட்டு, தம்பி."

அதன்பிறகு ஆறு பந்துக்கு ஒருதரம் "ஓவர்!" என்று கத்துவார். எதிரணிப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கத்தப் பழகிவிட்டார்கள். எனக்கு மானம் போனது. இரண்டு வரிசை தள்ளி உட்காரத் தொடங்கினேன். பக்கத்திலிருந்த ஒரு தாய், "உங்கள் ஆளா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "நோன்", இல்லை என்றேன். அவர் தந்த பருத்தித்துறை வடை அப்போது என் வாய்க்குள் இருந்தது.

ரொக்ஸ்பரோ மைதானத்தில் அரையிறுதி. லண்டன் சொந்தக்காரர் வரைக்கும் அறிவித்துவிட்டேன்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டன், இண்டைக்கு மட்டும் வாயைத் திறக்காதேங்கோ."

"ஓம் தம்பி" என்றார்.

பாதி ஆட்டம்வரை வாக்கைக் காப்பாற்றினார். பிறகு, அபி தொப்பியைக் கழட்டிய நேரம், திடீரென்று எழும்பி, வேலிக் கதவால் மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார். அபிக்கு முன்னால் நின்று, "ஓவர்! ஓவர் எண்டால் ஓவர்தான்!" என்று கத்தினார். ஆட்டம் நின்றது. நடுவர் அவரை வெளியே அனுப்பினார். அந்தக் கலவரத்தில் அபியும் பயிற்சியாளரிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். தோற்றோம்.

காரில் பொரிந்து தள்ளினேன். "உங்களாலதான் அண்ணை எங்களுக்கு வெக்கக்கேடு. இனி வராதேங்கோ!" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்சீட்டிலிருந்து அபி சொன்னாள்: "அப்பா, அம்பயர் மாமாவை ஏசாதேங்கோ. நோவு கூடினால் தொப்பியைக் கழட்டுவன், கத்துங்கோ எண்டு நான்தான் கேட்டனான். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினனான்."

"என்ன நோவு?"

"முழங்கை. ரெண்டு கிழமையா."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்ல?"

"நீங்கள் எல்லாருக்கும் வீடியோ அனுப்பிக்கொண்டு சந்தோஷமா நிண்டீங்கள்."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வளர்கிற எலும்பு, அளவுக்கு மீறி எறிந்ததால் வந்த வீக்கம், இந்தக் கோடை முழுக்க எறியக் கூடாது என்றார் டாக்டர். நல்ல நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்று என்னைப் பாராட்டவும் செய்தார். நான் "மெர்சி" என்று நன்றி சொல்லி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

அபி இப்போது அணியோடு உட்கார்ந்து கைதட்டுகிறாள். அண்ணை மற்றப் பிள்ளைகளுக்கும் ஓவர் முடித்துவைக்கிறார். போன சனிக்கிழமை அந்தத் தாய் திரும்பி, "யார்தான் இந்த மனிதர்?" என்று கேட்டாள்.

"என் அண்ணன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.