நிசேயா மேஸ்திரியின் சுவர்

ஏசுவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டு, காற்றடித்த சைக்கிளோடு ஓசூரைத் தாண்டியவர் எவரும் கிடையாது. ஐம்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் நிசேயா மேஸ்திரியைத்தான் சொல்கிறேன்.

ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் கூடிப் போட்ட சண்டை, அவருக்குப் போன வாரச் சந்தையில் நடந்த சண்டை. ஏசுவும் கடவுளால் படைக்கப்பட்டவர்தான் என்று அன்றைக்குச் சொன்ன ஆரியுஸ் என்ற பாதிரியார் மேல் அப்படி ஒரு கோபம்! பஞ்சர் ஒட்ட வந்தவரிடம் தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, அவரவர் பாஷையிலேயே கேட்பார்: "ஏசு யாருங்க? கடவுளா, மனுஷனா?"

ஒன்றைச் சொன்னால் தொலைந்தோம். "பாதிப் பாதி" என்றால் இன்னும் மோசம். "முழுக் கடவுள், முழு மனுஷன், ஆனா ஒரே ஆளு!" என்று கத்திவிட்டு, கடைச் சுவரில் ஆரியுஸ் பெயருக்குக் கீழே நம் பெயரைக் கரிக்கட்டியால் எழுதிவிடுவார். பெயர் ஏறினால் ஒரு வாரம் பஞ்சர் ஒட்டவும் மாட்டார், காற்றடிக்கவும் மாட்டார். யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. "உன் சாமி உனக்கு. என் சாமியத் தப்பாச் சொல்லாத" என்பதுதான் அவர் கட்சி. தபாலாபீஸ் குமாஸ்தாவான நான், நெற்றி நிறைய விபூதியோடு, அந்த வருஷம் ஏழு வாரம் நடந்தே ஆபீஸ் போனேன்.

அவர் மகள் மேரியைப் பெண் பார்க்க வந்த மூன்று பேரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சுவரில் ஏறிவிட்டார்கள். நாலாவதாக வந்தவன் நாகரசம்பட்டித் தோப்பில் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிற அருளப்பன். மேரிக்கு அவனைப் பிடித்திருந்தது. "அண்ணா, இவரையாவது அப்பா சுவத்துல ஏத்தாம பாத்துக்கங்க" என்று என்னிடம் கெஞ்சினாள்.

மேஸ்திரி கேள்வியைக் கேட்டார். அருளப்பன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"மாங்கன்னு ஒட்டுக்கட்டற மாதிரிங்க மாமா. கீழ நாட்டு மா, மேல நல்ல ஜாதி. சேந்து வளரும்."

"அடப்பாவி! ரெண்டும் வேற வேற மரமாச்சே! அவர ரெண்டு ஆளாக்கிட்டியே!" கரிக்கட்டி கைக்கு வந்துவிட்டது. உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "இருங்க மேஸ்திரி. தப்பில்லாத உதாரணம் ஒண்ணு நீங்கதான் சொல்லுங்களேன், பாப்போம்!"

"இதென்னா பிரமாதம்? பாலும் தண்ணியும்... இல்ல, கலந்து ஒண்ணாப் பூடும். பழுக்கக் காய்ச்சின இரும்பு... ஆறிட்டா நெருப்பு போயிடுதே. டயரும் டியூபும்... ஐயையோ, அது பிரிஞ்சுக்கும்!"

கால் மணி நேரம் வியர்த்து வழிந்தார். தன் உதாரணம் ஒவ்வொன்றையும் தானே வெட்டிச் சாய்த்தார். வேறு ஆளாக இருந்தால் என்னை ஒரு அதட்டு அதட்டிப் பேச்சை மாற்றியிருப்பார். இந்த மனுஷர் எழுந்துபோய், ஆரியுஸ் வரிசையின் கடைசியில் தன் பெயரைத் தானே எழுதினார். எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

பிறகு அருளப்பன் பக்கம் திரும்பினார். "உதாரணத்த வுடு தம்பி. நீ கும்புடறப்ப அவரு எப்பிடித் தெரியறாரு?"

"ரெண்டாத் தெரியலீங்க மாமா. ஒருத்தராத்தான் தெரியறாரு."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மேரி, மாப்பிள்ளைக்குக் காப்பி கொண்டாம்மா!"

கல்யாணத்துக்காகக் கடைக்கு வெள்ளையடித்தார். ஆரியுஸ் முதல் மேஸ்திரி வரை அத்தனை பேரும் அழிந்தோம். சுண்ணாம்பு காய்ந்ததும் தன் பெயரை மட்டும் மறுபடி எழுதி வைத்தார். அவ்வளவு பெரிய சுவரில் அவர் தனியாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பந்திக்குப் போகிற வழியில் கரிக்கட்டியை எடுத்து, அவருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டுப் போனேன்.