எதையாவது அமுக்குங்க

தோற்றே தீருவது என்ற உறுதியோடுதான் புகார்ப் பிரிவு எழுத்தர் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஓய்வறைச் சோபாவில் அமர்ந்தார். ஒன்றரை நிமிடத்தில் வென்றுவிட்டார்.

திரையில் அவருடைய சிவப்பு வீரன் மூன்று கரணம் போட்டு, வானத்தைக் கிழித்து, கிழிசலிலிருந்து ஒரு மின்னலை உருவி, மேலாளரின் நீல வீரன் தலையில் இறக்கினான். நீல வீரன் பொடிப்பொடியானான். பொடியும் தங்கமாக மின்னிற்று.

"நல்லா விளையாடறீங்க," என்றார் மேலாளர். பல்வலிக்காரர் பல் மருத்துவரைப் பாராட்டுகிற குரலில் அதைச் சொன்னார்.

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். 'பொத்தானை அமுக்கினேன், ஒண்ணும் ஆகலை' என்று தொலைபேசியில் சொல்பவர்களிடம், 'இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க' என்று சொல்வதுதான் எழுத்தரின் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக, பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை, அவர் அதையே சொல்லிவந்தார். ஊழியர்களின் முகத்தில் சோர்வு மிகுந்திருப்பதைத் தலைமை அலுவலகம் அண்மையில் கண்டுபிடித்தது. ஆளைக் கூட்டவில்லை, வேலையைக் குறைக்கவில்லை, ஒரு சண்டை விளையாட்டுப் பெட்டியை அனுப்பிவைத்தது.

சனிக்கிழமை அதைப் பொருத்த வந்தவர் ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டார்: "இதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேண்டாம் சார். எதையாவது அமுக்குங்க. மத்ததை அதுவே பாத்துக்கும்."

திங்கட்கிழமை பார்த்தபோது சொன்னது சொன்னபடியே இருந்தது. சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டதும் சில பெயர்கள் ஓடின. பிறகு ஆட்டம் தானே தொடங்கியது. ஆளைத் தேர்ந்தெடுக்கும் சிரமம்கூட இல்லை. ஜன்னல் பக்கம் அமர்ந்தவருக்குச் சிவப்பு வீரன், கதவுப் பக்கம் அமர்ந்தவருக்கு நீல வீரன். மேலாளரோடு ஆட உட்கார்ந்த எழுத்தர் ரிமோட்டில் கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். இடி இடித்தது. கடல் பொங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, ஒரு பொத்தானை அமுக்கி ஒன்று நடந்ததை அவர் கண்ணாரக் கண்டார். கண்ணோரம் சற்றே ஈரமாயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

அன்றைக்கு வேறொரு நல்லதும் நடந்தது. இரண்டு மணி பத்து நிமிடத்திலேயே நான்கு மாதங்களாக நின்றுபோயிருந்த ஓய்வறைச் சுவர்க்கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. எப்போது நிமிர்ந்து பார்த்தாலும் ஷிஃப்ட் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த கடிகாரம் அது. இனிமேல் எல்லாம் நல்லபடியாக நகரும் என்று எழுத்தர் நம்பினார்.

நகர வேண்டியது ஒரு விண்ணப்பம். எழுத்தரின் மனைவி மருந்துக் கிடங்கில் விடியற்காலை ஷிஃப்ட். அவள் வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது இவர் வேலைக்கு இறங்குவார். இவர் திரும்பும்போது அவள் உறங்கிப்போயிருப்பாள். குடித்தனத்தின் பெரும்பகுதி அந்த இரண்டாம் மாடிப் படிவளைவிலேயே நடந்துவந்தது. தம்மைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றும்படி எழுத்தர் எழுதிக் கொடுத்த காகிதம் பதினொரு வாரங்களாக மேலாளரின் மேசையில் காப்பிக் கோப்பையைத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலாளரைத் தோற்கடித்துவிட்டு அவரிடமே கையெழுத்துக் கேட்க முடியாது என்பது திங்கட்கிழமை வென்ற பிறகுதான் எழுத்தருக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை தோற்பதற்கென்றே மிக மெதுவாக அமுக்கினார். அப்போதுதான் அந்த மின்னல் இறங்கியது.

"மெதுவா அமுக்கியே அடிக்கறீங்களே, வேணும்னே என்னை அவமானப்படுத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டு மேலாளர் எழுந்து போனார்.

மறுநாள் படிவளைவில் மனைவியிடம் எழுத்தர் இதைச் சொன்னார். அவள் அவர் கையிலிருந்து சாவியை வாங்கியபடி கேட்டாள்: "தோக்கறதுக்குக்கூடவா ஒருத்தருக்குத் துப்பு இருக்காது?"

சரக்கு அறைப் பொறுப்பாளர் இரக்கமுள்ளவர். பழகாத கையால் விளையாடினால் எப்பேர்ப்பட்டவனும் தோற்பான் என்று அவர் யோசனை சொன்னார். புதன்கிழமை எழுத்தர் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து, இடக்கைச் சுண்டுவிரலால் அமுக்கினார். சிவப்பு வீரன் முன்னிலும் அழகாகக் கரணம் போட்டான். யோசனை சொன்னவரே நாலு பேரைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டினார். ஆட்டம் முடிவதற்குள் எழுத்தருக்கு 'சுண்டுவிரல் சூறாவளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலாளர் தம் அறைக்குப் போய், விண்ணப்பத்தின்மேலிருந்த கோப்பையை எடுத்துவிட்டு, விண்ணப்பத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை எழுத்தர் கடைசி வழியைக் கையாண்டார்: எதையுமே அமுக்கவில்லை. கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு சும்மா இருந்தார். சிவப்பு வீரன் சும்மா இருக்கவில்லை. மூன்று கரணம், கிழிந்த வானம், மின்னல், தங்கப்பொடி. நேற்றைய சண்டையைப் போலவே இருக்கிறதே என்று எழுத்தருக்கு ஒருகணம் தோன்றத்தான் செய்தது. அலுவலகத்து அச்சு இயந்திரமும் இன்று அனுப்பினால் நேற்றைய பக்கத்தைத்தானே அடித்துத் தருகிறது, இதுவும் அந்த இனம்போலும் என்று விட்டுவிட்டார்.

மேலாளர் எழுத்தரின் மடக்கிய விரல்களைப் பார்த்துவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை; அதைவிட மோசமாக, மரியாதை இருந்தது.

"தொடாமலே ஜெயிக்கறீங்க. உங்களை எப்படி நான் காலை ஷிஃப்டுக்கு அனுப்புவேன்? அப்புறம் நான் யாரை ஜெயிக்கறது? ஒரே ஒரு தடவை உங்களை ஜெயிச்சுக்கறேன். அது வரைக்கும் இங்கேயே இருங்க."

அது பத்து நாளோ, பத்து ஆண்டோ. மேலாளரின் ஆட்டத்தைப் பார்த்தால் பின்னதுதான் என்று எழுத்தருக்குத் தோன்றியது. அன்றும் ஆறே முக்கால் வரை மறு ஆட்டம், மறு ஆட்டம் என்று இழுத்தது. அதுவரை துப்புரவுப் பெண்மணி வாளியோடும் துடைப்பத்தோடும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐந்தரை மணிக்கு அறையைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர். நாலு நாளாகப் பேருந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வாசலில் நிற்கவில்லை. ஐந்தே காலுக்கு இருவரும் அமர்ந்து, மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தபோதே வாளியோடு உள்ளே வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் எந்திரிங்க சார். அடியில கூட்டணும்."

எழுந்தார்கள். கூட்டினார், துடைத்தார், சோபாவை நகர்த்தினார். மேலாளர் தம் பழைய இடத்துக்குத் திரும்பப் போனபோது துடைப்பம் குறுக்கே நீண்டது. "அங்க ஈரமா இருக்கு. நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க சார். அவர் இந்தப் பக்கம் நின்னுக்கட்டும்."

எழுத்தர் கதவோரமாக நின்றபடியே நீல வீரனை ஏற்றுக்கொண்டார். தோற்க வேண்டும் என்ற நினைப்புக்கூட இப்போது அவரிடம் இல்லை. அத்தனை அலுப்பு. விரல் போன போக்கில் எதையோ அமுக்கினார்.

மூன்று கரணம். கிழிந்த வானம். எழுத்தர் பொடிப்பொடியாகித் தங்கமாக மின்னினார்.

மேலாளர் சத்தம் போடவில்லை. ரிமோட்டை மடியில் வைத்து, இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு நாளில் அவரும் இளைத்துத்தான் போயிருந்தார் என்பதை எழுத்தர் அப்போதுதான் கவனித்தார். பிறகு மேலாளர் தம் அறைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து காலையில வாங்க. உங்களை ஜெயிச்சதை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்," என்று சொல்லி, எழுத்தரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டார்.

காப்பிக் கறை வட்டம் விழுந்த அந்தக் காகிதத்தை எழுத்தர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படிவளைவில் மனைவியிடம் சொல்வதற்கான வாக்கியம் ஒன்று மனத்தில் உருவாயிற்று. அதை ஒருமுறை சொல்லிப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அறையில் துப்புரவுப் பெண்மணி மட்டுமே இருந்தார்.

"பாத்தீங்களாம்மா? ஜெயிக்கறது ஒண்ணும் பெரிசில்லை. தோக்கறதுக்குத்தான் கை பழகணும். நாலு நாள் ஆச்சு எனக்கு."

பெண்மணி இரண்டு ரிமோட்டுகளையும் எடுத்துத் துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

"அது தானா அடிச்சுக்குது சார், தினமும் ஜன்னல் பக்கத்து ஆளுதான் ஜெயிக்குது. அதான் இன்னைக்கு அவரை அங்க உக்கார வச்சேன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டார். "அந்த ரிமோட்டிலேர்ந்து ஒண்ணு, இந்த ரிமோட்டிலேர்ந்து ஒண்ணுன்னு திங்கக்கிழமை காலையிலேயே நான்தானே பேட்டரியை உருவி இந்தக் கடியாரத்துல போட்டேன்!"