மறுவீட்டில் மிச்சம் வைக்காத சோறு

வாய் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லும். வயிற்றுக்குப் பொய் சொல்ல வராது. ஏழாங்கிளாஸ் வரை நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. கலியாணம் முடிந்த மறுவாரம், உங்கள் அம்மையின் வீட்டில், ஒரு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

பிள்ளைகளே, இந்தக் கதையை உங்கள் சித்தி சொல்லித் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். அவள் சொல்லும்போது நான் பானையையும் சேர்த்து விழுங்கியதாக வரும். அது பொய். (பானையை வைத்துவிட்டேன்.) நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நாம் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்கள். அரிசி ரேஷனில் அளந்துதான் கிடைக்கும். குழித்துறைச் சந்தையில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்குச் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. காலை முதல் மாலை வரை ஊராருக்கெல்லாம் உளுந்தும் பயறும் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய மாவை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் தகப்பனார் இல்லை. தாயாரும், எனக்குக் கீழே நான்கு வாய்களும். எல்லா வாயும் நன்றாகத் திறக்கும்.

எந்தச் சாப்பாடு எவ்வளவு நேரம் வயிற்றில் நிற்கும் என்பதுதான் அந்நாளில் என் ஆராய்ச்சி. காலைக் கஞ்சி கடைப் பலகையைத் திறக்கும்வரை நிற்கும். மரச்சீனிக் கிழங்கை அவித்துச் சாளை மீன் குழம்போடு தின்றால் உச்சிவரை கவலையில்லை. பலாச்சக்கைக் கொட்டையை அவித்துத் தின்றால் நாள் முழுக்க நிற்கும். ஆனால் நாம் அதைத் தின்றிருக்கிறோம் என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். அரிசிச் சோறு எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்கள் வீட்டில் சோறு வடிப்பார்கள். அதுவும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

இந்த வீட்டைப் பற்றித்தான் கலியாணத் தரகர் சிதறால் பக்கம் போய், "மூணு நேரமும் அரிசிச் சோறு. வேற ஒண்ணும் அடுப்பில ஏறாது" என்று சொல்லியிருந்தார். பெண் வீட்டார் அதை எங்களிடம் கேட்டபோது என் தாயார் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தாலி கட்டிய பிறகு பெண் சில நாள் அவள் வீட்டிலேயே நிற்பது, நான் மறுவீட்டுக்குப் போய் விருந்துண்டு கையோடு அவளைக் கூட்டிவருவது என்று பேச்சு. அந்தச் சாப்பாடு ஒன்றை ஒழுங்காக உண்டு எழுந்துவிட்டால் பெண் நம் வீட்டுக்கு வந்துவிடுவாள். உண்மை தெரிந்தால் அவள் தகப்பன் விடமாட்டான். இதுதான் என் தாயாரின் கவலை. புறப்படுவதற்கு முந்தின நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"மக்கா, கேட்டியா. ரெண்டு வட்டம் சோறு வாங்கு. மூணாமத்த வட்டம் வரும்போ கையைக் குறுக்க நீட்டிப் போதும்னு சொல்லு. இலையில ஒரு பிடி சோறு மிச்சம் கிடக்கணும். வழிச்சுத் தின்னா, இவன் வீட்டில சோறு கண்டதில்லன்னு அறிஞ்சிருவாவ."

"அந்த மிச்சச் சோத்த என்ன செய்வாவ?"

"கோழிக்குப் போடுவாவ. ஒனக்கென்ன அந்த விசாரம்?"

(அந்தக் கோழியின் மேல் எனக்கு அப்போதே பொறாமை வந்துவிட்டது.)

கொஞ்சம் புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? வீட்டிலேயே வயிறு நிறையக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போயிருப்பான். அங்கே போய்ப் பெரிய மனிதனைப்போல மிச்சம் வைத்திருப்பான். எனக்கு இருந்தது வேறு புத்தி. அங்கேதான் விருந்து இருக்கிறதே, இங்கே எதற்கு வீண் செலவு என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்து என் பங்கைத் தம்பி தங்கைகளுக்கு விட்டுக்கொடுத்தேன். நான் வெள்ளம் மட்டும் குடித்தேன். குடும்பத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமையில், மறுநாள் வெயிலில் சிதறால் வரை நடந்தேன். போய்ச் சேரும்போது மலை மேலே இருக்கிற பாறை எனக்கு ஒரு பெரிய சோற்று உருண்டையாகத் தெரிந்தது.

மாமனார் மற்றவர்களின் விளையில் கிழங்கு நட்டுப் பிழைப்பவர். ஒட்டிய வயிறும் பெரிய கைகளும் உள்ள மனிதர். என்னை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று பனையோலை விசிறியால் வீசினார். அவர் என்னோடு உட்காரவில்லை. "நாங்க பிறவு உண்ணுவோம். நீங்க உண்ணுங்க மாப்ளே" என்றார். உங்கள் அம்மை அடுக்களைக் கதவுக்குப் பின்னால். சித்தி, அப்போது பாவாடை கட்டிய சிறு பெண், கதவுக்கு முன்னால். மாமியார் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் பார்க்கும்படியாக மூடியைத் திறந்தார். கழுத்துவரை வெள்ளைச் சோறு. ஆவி என் முகத்தில் அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு அதிகப் பங்கில்லை. கைதான் செய்தது.

முதல் சோறு விழுந்தது. குழம்பு எடுக்கத் திரும்பிய மாமியார் மறுபடி திரும்பியபோது இலையில் சோறு இல்லை. போட்டோமா, போடவில்லையா என்று அவருக்கே சந்தேகம். தரையைப் பார்த்தார். இரண்டாவது சோற்றைக் குழம்பு ஊற்றும்வரை எப்படியோ காத்தேன். அயிலை மீன் குழம்பு, பயற்றுத் துவரன், பப்படம், புளிசேரி. மூன்றாவது சோறு வந்தது. தாயார் சொன்னபடி கையைக் குறுக்கே நீட்டினேன். நீட்டிய கை சோற்றைத் தடுக்கவில்லை. இலையில் கிடந்த துவரனை ஓரமாக ஒதுக்கி, சோற்றுக்கு இடம் செய்து கொடுத்தது.

"நாணப்படாம உண்ணணும்" என்றார் மாமியார். அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. வளையல் சத்தத்தோடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் உண்பதைப் பார்த்து ரசிக்கிறாள், பிரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன். இருமல் கூடியது. நானும் கூட்டினேன். ஒரு கட்டத்தில் அவள் மூச்சுவிடாமல் இருமினாள், நான் மூச்சுவிடாமல் தின்றேன். மாமியாரின் கரண்டி பானையின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. மாமனாரின் விசிறி மெதுவாகி, நின்றுவிட்டது. வியர்க்கிறதே, ஏன் வீசமாட்டேன் என்கிறார் என்று மட்டும் தோன்றியது.

கடைசியில் மிச்சம் வைக்கிற ஒரு பிடி ஞாபகம் வந்தது. சோற்றை ஒரு பிடியாகக் கூட்டி இலையின் ஓரத்தில் வைத்தேன். அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. தாயில்லாப் பிள்ளைபோல அப்படித் தனியாக உட்கார்ந்திருந்தது. பிறகு அதுவும் இல்லை. விரலால் புளிசேரியை வழித்தேன். அந்த இலையைக் கழுவாமலே அடுத்த பந்திக்குப் போட்டிருக்கலாம்.

இதோடு எழுந்திருந்தால்கூடப் பாதி மானம் மிஞ்சியிருக்கும். நல்ல மருமகன் வீட்டாரையும் உண்ணச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"இனி நீங்க எல்லாரும் உண்ணுங்க. நீங்க உண்டு கண்டபிறவுதான் நான் எறங்குவேன்" என்றேன்.

மாமியார் பானையை மூடி, பின்னால் நகர்த்தினார்.

"எனக்கு வயிறு கொள்ளாம் இல்ல, மாப்ளே" என்றார் மாமனார்.

"ஓமம் வறுத்து வெள்ளம் கொதிக்க வச்சுக் குடிங்க" என்றேன் அக்கறையாக.

"எனக்கு இண்ணைக்கு விரதம்" என்றார் மாமியார். (அன்று புதன்கிழமை. நானறிந்த எந்தச் சாமியும் எங்கள் பக்கத்தில் புதன்கிழமை விரதம் கேட்டதில்லை.)

"எனக்கும் விரதம்" என்றாள் சித்தி.

"சின்னப் பிள்ளைக்கு என்ன விரதம்? எந்தச் சாமிக்கு?"

"இப்பம் வந்து உண்டுட்டு இருக்க சாமிக்குத்தான், அத்தான்."

"ஏட்டி, வாய மூடு" என்று மாமியார் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்குகிற இடத்திலெல்லாம் சோறு ஏறி உட்கார்ந்திருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். முற்றத்தில் மூன்று கல் கூட்டி, அடுப்பில் வெள்ளம் வைத்திருந்தது. பக்கத்தில் உங்கள் அம்மை குனிந்து கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். தாலி கட்டிய பிறகு நாங்கள் தனியாகப் பேசியது அதுதான் முதல்.

"என்ன செய்யுத?"

"கண்ணு தெரியலியா? கிழங்கு வெட்டுதேன்."

"பானையில சோறு?"

"அது உங்க கூடத்தான வெளிய வந்திருக்கு."

நின்றேன்.

"நீ இருமினது?"

"நிறுத்தச் சொல்லி இருமினேன். நீங்க இன்னும் போடச் சொன்னீங்க. இருமி இருமி எனக்குத் தொண்டை போச்சு." கிழங்கை அடுப்பில் இட்டாள். "ஒரு பிடி ஒரு பிடியா அம்மை எடுத்து வச்ச அரிசி. பானை நெறைய வடிச்சாத்தான் மாப்ள வீட்டில நம்மள எளக்காரமா நெனைக்கமாட்டாவன்னு சொன்னா. நீங்க எழும்பின பிறவு நாங்க எல்லாரும் சோறு உண்ணலாம்னு இருந்தோம். சின்னவ நேத்தே கை கழுவிட்டு இருக்கா."

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன். உள்ளதச் சொல்லணும். உங்க வீட்டில கடைசியா எப்பம் சோறு வடிச்சது?"

"ஞாயிற்றுக்கிழமை."

"எந்த ஞாயிற்றுக்கிழமை?"

நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரி இல்லை.

பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. வெட்டிப்போட்ட தென்னந்தடியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"நீங்க உண்டதுக்கு எனக்கு வருத்தமில்ல பிள்ளே. உண்ட விதத்தப் பாத்தேன். வயிறு நெறஞ்ச வீட்டில உள்ளவன் அப்பிடி உண்ணமாட்டான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இண்ணைக்கு நீங்க போங்க. பிள்ளைய நான் பிறவு கொண்டுவந்து விடுதேன்" என்றார்.

அந்தப் 'பிறவு' எப்போதும் வராது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் ஏப்பம்தான் வந்தது. அதையும் அடக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. என் ஆயுளிலேயே நான் விட்ட கேவலமான ஏப்பம் அதுதான்.

உங்கள் அம்மை அடுப்பை ஊதிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அப்பா, இங்கயும் கிழங்கு, அங்கயும் கிழங்கு. நான் போனா இங்க ஒரு வாய் குறையும். இது வெந்த பிறவு நான் போறேன்." பிறகு என்னிடம், "நீங்க அங்க இருங்க. நாங்க உண்டு கண்டபிறவுதான் எறங்குவேன்னு சொன்னீங்கல்லா? இருந்து காணுங்க."

உட்கார்ந்தேன். அவர்கள் நால்வரும் என் முன்னால் கிழங்கை உப்பும் காந்தாரி மிளகாயும் இடித்துத் தொட்டுத் தின்றார்கள். குழம்பு இல்லை, அதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. யாரும் நிமிரவில்லை. சித்தி மட்டும் ஒவ்வொரு துண்டையும் எனக்குக் காட்டிவிட்டு வாயில் போட்டாள். அந்தக் கிழங்கின் வாசத்துக்கு எனக்கு மறுபடியும் லேசாகப் பசித்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமனார் ஒரு சாக்குக் கிழங்கைக் கட்டிக் கொடுத்தார். அதைச் சுமக்கும் நிலையில் நான் இல்லை. உங்கள் அம்மை தலையில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் என் வயிறு கைவிட்டது. ஒரு நாளாகக் காய்ந்து கிடந்த வயிறு அவ்வளவு சோற்றை எப்படித் தாங்கும்? ரோட்டோரத்தில் குனிந்தேன். நான்கு பேர் உண்ணக் காத்திருந்த சோறு, கடைசியில் என் உடம்பிலும் ஒட்டவில்லை. அவள் சாக்கை இறக்காமலே நின்று, முடியும்வரை பார்த்தாள். "நடங்க" என்றாள்.

அன்று மாலை என் தாயார் முதலில் எனக்கு இலை போட வந்தார். உங்கள் அம்மை தடுத்துவிட்டாள். "அவருக்குப் பிறவு வைக்கலாம். மொதல்ல நாம உண்ணுவோம், அத்தே" என்றாள். எங்கள் தெருவில் அதுவரை எந்த மருமகளும் அப்படிச் சொன்னதில்லை. தாயார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நான் கடைசியில் உண்பது அன்று தொடங்கியதுதான். நீங்கள் எல்லோரும் பிறந்து வளர்ந்தும் அது மாறவில்லை. பக்கத்து வீட்டார் இதைக் கேலி பேசும்போது ஏன் நான் ஒன்றும் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதனால்தான்.

சிதறாலிலும் அப்படியே ஆகிவிட்டது. நான் தெருமுனையில் வருவது தெரிந்தால் மாமியார் சாகும்வரை, "மாப்ள வாறாரு, வேகம் உண்ணுங்க" என்று எல்லோரையும் உட்கார வைப்பார். இப்போது அந்த வீட்டில் யார் விருந்துக்கு வந்தாலும் அதே பேச்சுதான்.

போன மாதம் நம் மூத்தவளின் மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்தார் அல்லவா. இலையில் உட்கார்ந்தபோது உங்கள் அம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்து, "நாங்க எல்லாரும் உண்டாச்சு பிள்ளே. இனி நீங்க பயப்படாம உண்ணுங்க" என்றாள். நீங்களெல்லாம் சிரித்தீர்கள். சித்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் வெள்ளம் வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் அவன் இலையைப் பார்த்தேன். மூன்றாவது வட்டம் கையை நீட்டித் தடுத்தான். ஒரு பிடி சோற்றை ஓரத்தில் வைத்துவிட்டு, அழகாக எழுந்தான். வழக்கம்போலக் கடைசியில் எனக்கு இலை போட்டபோது சோறு இறங்கவில்லை. அவன் வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்களோ என்றிருந்தது.